பெறுபேற்றுப் பலகையில் எழுதப்படாத பெயர்கள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் நமது ஊர்ப் பாடசாலைகளின் வாசலில் பெரியதொரு பதாகை ஏறிவிடும். ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்ற பிள்ளைகளின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே, சித்தி வீதம் இத்தனை என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் அடுத்த சில நாட்களுக்கு அந்த வீதம்தான் பேச்சு. "அந்த ஸ்கூல்ல எண்பதாம், நம்மட ஸ்கூல்ல அறுபதுதானாம்" என்று தாய்மார் கவலைப்படுவார்கள். அடுத்த தவணையில் சில பிள்ளைகள் விடுகைப் பத்திரம் எடுத்துக் கொண்டு வேறு பாடசாலைக்குப் போய்விடுவார்கள்.

நல்ல பெறுபேற்றைக் கொண்டாடுவதில் தவறில்லை. விடியற்காலையில் எழும்பிப் படித்த பிள்ளைக்கும், கூடவே எழும்பித் தேநீர் ஊற்றிக் கொடுத்த உம்மாவுக்கும் அந்தப் பதாகை உரியதுதான். ஆனால் ஒரு பாடசாலை நல்லதா, இல்லையா என்று தீர்மானிக்க அந்த ஒரு வீதம் போதுமா? போதாது. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். ஒன்று, அந்தப் பாடசாலைக்கு யார் யார் வந்து சேர்ந்தார்கள்? மற்றது, வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள்?

சதவீதத்தின் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். இது கற்பனைக் கணக்குத்தான். ஆனாலும் பல ஊர்களில் உண்மைக் கணக்கும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஒரு கலவன் பாடசாலையில் 6ஆம் தரத்துக்கு 120 பிள்ளைகள் சேர்கிறார்கள். பெண்கள் 60, ஆண்கள் 60. ஐந்து வருடங்கள் கழித்துச் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் இருப்பவர்கள் 84 பேர். பெண்கள் 50, ஆண்கள் 34. அவர்களில் 63 பேர் உயர் தரம் படிக்கத் தகைமை பெறுகிறார்கள். 84 இல் 63 என்றால் 75 சதவீதம். பதாகையில் ஏறுவது இந்த 75 தான்.

இப்போது 6ஆம் தரத்து வரவு இடாப்பை எடுத்து வைத்துப் பார்ப்போம். வந்தவர்கள் 120. தகைமை பெற்றவர்கள் 63. பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தகைமை பெற்ற 63 பேரில் பெண்கள் 42, ஆண்கள் 21 என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் சேர்ந்த பெண் பிள்ளைகளில் 100க்கு 70 பேர் கரை சேர்ந்திருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளில் 100க்கு 35 பேர் மட்டுமே கரை சேர்ந்திருக்கிறார்கள். ஒரே கட்டிடம், அதே ஆசிரியர்கள், அதே பாடப் புத்தகங்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு பாடசாலைகள் நடப்பது போல இருக்கிறது!

இடையில் காணாமற் போன 36 பேரில் சிலர் வேறு பாடசாலைக்கு மாறிப் போயிருப்பார்கள். அவர்களை இழப்பாகக் கொள்ள முடியாது. மற்றவர்கள் எங்கே? அவர்களுடைய பெயர்கள் பதாகையிலும் இல்லை, சித்தியடையாதோர் கணக்கிலும் இல்லை. பரீட்சைக்கே வராத பிள்ளை சதவீதத்தைக் குறைப்பதில்லை. வீதம் குறைந்து விடும் என்ற பயத்தில், பின்தங்கிய பிள்ளையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும்படி சொல்கிற வழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் வீதம் உயரும். பிள்ளை உயருமா?

சித்தி என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 35 புள்ளியில் எஸ் சித்தி, 50 இல் சி, 65 இல் பி, 75 இல் ஏ. உயர் தரம் படிப்பதற்கு முதல் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே எட்டுப் பாடங்களில் நன்றாகச் செய்து கணிதத்தில் மட்டும் தவறிய பிள்ளைக்கும் வழி அடைபட்டுப் போகிறது. நமது பிள்ளைகள் பலர் நின்று போகிற இடம் கணிதம்தான்.

யார் வந்து சேர்கிறார்கள்?

இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. எல்லாம் இலவசம்தான், ஆனால் எல்லாம் ஒரே வகையல்ல. உயர் தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. 11ஆம் தரத்தோடு முடிபவை 2ஆம் வகை. அதற்கும் கீழே ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது 8ஆம் தரத்தோடு நிற்பவை 3ஆம் வகை. 1ஏபி பாடசாலைகள் மொத்தத்தில் பத்தில் ஒன்றுதான். மறுபுறத்தில், 100 மாணவர்கள் கூட இல்லாத சிறிய பாடசாலைகள் ஏறத்தாழ 3,000.

5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒவ்வொரு வருடமும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களில் முன்னணியில் இருப்பவர்கள் பெரிய பாடசாலைகளின் 6ஆம் தரத்துக்குப் போகிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்து விடுவதே இந்தப் பரீட்சையின் ஆரம்ப நோக்கம். அந்த நோக்கம் இன்றும் ஓரளவு நிறைவேறுகிறது. ஆனால் அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. கிராமத்துப் பாடசாலையில் முன்வாங்கில் இருந்த ஐந்தாறு பிள்ளைகள் ஒரேயடியாக வெளியேறி விடுகிறார்கள். ஆறு வருடங்களின் பின் அந்தப் பிள்ளைகளின் ஏ சித்திகள் பெரிய பாடசாலையின் பதாகையில் ஏறுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சரின் பாடசாலை, "பெறுபேறு சரியில்லை" என்ற பெயரை வாங்கிக் கொள்கிறது.

ஆகவே, தெரிந்தெடுத்த பிள்ளைகளை வைத்து 90 வீதம் காட்டுகிற பாடசாலையையும், வருகிற எல்லாப் பிள்ளைகளையும் ஏற்று 60 வீதம் காட்டுகிற பாடசாலையையும் ஒரே தராசில் வைக்கலாகாது. வாப்பா கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, உம்மா வெளிநாட்டில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை, வீட்டில் எழுத்தறிந்தவர் எவரும் இல்லாத பிள்ளை ஆகியோரை வைத்துக் கொண்டு 60 எடுப்பதற்கு அந்த ஆசிரியர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்!

இந்தத் தராசுப் பிழையால் ஊருக்கு வரும் நட்டம் சிறியதல்ல. பெறுபேறு குறைவு என்று வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை வெளியே எடுக்கிறார்கள். மாணவர் தொகை குறைகிறது. மாணவர் தொகையை வைத்தே ஆசிரியர் ஆளணி கணக்கிடப்படுவதால் ஆசிரியர்களும் குறைகிறார்கள். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் பதிலுக்கு ஒருவர் வருவதில்லை. அடுத்த வருடப் பெறுபேறு இன்னும் விழுகிறது. கடைசியில், பஸ் காசு கொடுத்து வெளியூருக்கு அனுப்ப முடியாத ஏழைகளின் பிள்ளைகள் மட்டும் அங்கே எஞ்சுகிறார்கள்.

இடம்பெயர்வும் ஒரு பாடசாலையின் முகத்தை ஒரே இரவில் மாற்றிவிடும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முன்பே இடம் போதாதிருந்த புத்தளத்துப் பாடசாலைகளின் வாசலில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மன்னார்ப் பிள்ளைகளும் முல்லைத்தீவுப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அகதி முகாமில் குப்பி விளக்கில் படித்த பிள்ளையின் சி சித்தியையும், மின்விசிறியின் கீழ் படித்த பிள்ளையின் ஏ சித்தியையும் ஒரே எழுத்துக்களாக மட்டும் பார்ப்பது நீதியாகுமா?

நாம் கடந்து வந்த பாதை

இன்று நமது வகுப்பறைகளில் பெண் பிள்ளைகள் நிறைந்திருப்பது தானாக வந்த மாற்றமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நமது சமூகம் நவீன கல்விக்கு வெளியே நின்றது. அன்றைய ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளை மார்க்கம் மாறிவிடுமோ என்ற பயத்தில் பெற்றோர் அனுப்பவில்லை. இந்தப் பயத்தைப் போக்க, நமது சூழலிலேயே நவீன பாடசாலை வேண்டும் என்று வாதாடியவர் கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838-1898). 1882 இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் கல்வியைப் பற்றி விடாமல் எழுதினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலையும் நடத்தினார். எகிப்திலிருந்து 1883 இல் நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் துணை நிற்க, 1892 இல் கொழும்பு மருதானையில் சாஹிரா தோன்றியது.

1945 ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லாமற் போனாலும், படிக்கிற பிள்ளைக்கு வேறு செலவுகள் இருந்தன. கல்முனையில் 1942 இல் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியபோது கிழக்கு முஸ்லிம்களின் கல்வி நிலையை நேரில் கண்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1945 இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். திறமை இருந்தும் வசதியில்லாத பல மாணவர்கள் அதன் உதவியால் உயர் கல்வி பெற்றார்கள். பின்னர் 1948 முதல் 1961 வரை அவர் சாஹிராவின் அதிபராக இருந்தார்.

பெண்கள் பக்கத்தில், 1946 இல் கொழும்பு பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி ஆரம்பமானது. கல்வி அமைச்சராக இரண்டு தடவைகள் (1960-63, 1970-77) இருந்த பதியுத்தீன் மஹ்மூதின் காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் தொகையும் பெருகின. கல்முனையிலும் கண்டியிலும் அவருடைய பெயரால் இன்று விளங்குபவை இரண்டும் பெண்கள் கல்லூரிகள்தான். 1980 இல் பாடப் புத்தகங்களும் 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாயின. 1998 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டு, 2016 இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது.

பெண் பிள்ளையை வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திய காலம் நமது பாட்டிமார் காலம். பள்ளிக்கூடம் ஊருக்குள் வந்தது, பெண் ஆசிரியைகள் வந்தார்கள், பெண்களுக்குத் தனிப் பாடசாலை வந்தது. அதன் பின் அந்தத் தயக்கம் ஒவ்வொரு வீடாகக் கரைந்தது. இந்த அனுபவத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்ற காரணத்தைச் சரியாகக் கண்டு அதை நீக்கினால் பிள்ளைகள் வருவார்கள்.

ஆண் பிள்ளைகள் எங்கே?

இன்று அந்தக் கேள்வியை நமது மகன்மாரைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. கலவன் பாடசாலையின் உயர் தர வகுப்பொன்றை எட்டிப் பாருங்கள். பெண் பிள்ளைகள் வாங்குகளை நிரப்பி இருக்க, ஆண் பிள்ளைகள் ஒரு மூலையில் அடங்கிவிடுவார்கள். நாடு முழுவதையும் எடுத்தாலும் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக நுழைபவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்களே. ஆகவே இது நமக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. எனினும் நம்மிடையே இதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு.

வியாபாரம் நமது சமூகத்தின் பழைய தொழில். "படிச்சி என்ன செய்யப் போறான், கடையில நிக்கட்டும்" என்ற சொல் 14 வயதுப் பையனின் காதில் விழுந்த அன்றே அவனது மனம் வகுப்பறையை விட்டுப் போய்விடுகிறது. நகரத்துக் கடைகளுக்குப் பையன்கள் தேவை. கடலோர ஊர்களில் தோணி அழைக்கிறது. மாணிக்க வியாபாரம் நடக்கிற ஊர்களில், படிக்காமலே பணம் கண்டவர்களின் கதைகள் அழைக்கின்றன. கடவுச்சீட்டு எடுக்கும் வயது வந்ததும் வளைகுடா நாடுகள் அழைக்கின்றன. மத்ரஸாவுக்குப் போகிற சில பிள்ளைகள் சாதாரண தரம் எழுதாமலே பாடசாலையை விட்டு விலகுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பிக்கிற மத்ரஸாக்களும் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்து கொள்வது நல்லது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோதும், வேலைக்குப் போன பையன்களில் பலர் திரும்பி வகுப்புக்கு வரவில்லை. கையில் காசு பார்த்தவனுக்குப் பிறகு வாங்கில் இருக்க மனம் வராது.

தாய்மார் ஒன்றை நேர்மையாகச் சிந்திக்க வேண்டும். மகள் படிக்காவிட்டால் கண்டிக்கிறோம். இருட்டியதும் அவள் வீட்டில் புத்தகத்தோடு இருக்கிறாள். மகன் பத்து மணிக்கு வந்தாலும் "ஆம்பிளப் புள்ளதானே" என்று சோற்றைப் போட்டு வைக்கிறோம். மகளுக்கு ஒரு சட்டம், மகனுக்கு ஒரு சட்டம். பத்து வருடம் கழித்து, பட்டம் பெற்ற மகளுக்கு ஏற்ற மாப்பிள்ளை இல்லையே என்று ஊரெல்லாம் தேடி அலைகிறோம். இன்னொரு வீட்டில் இன்னோர் உம்மா, தன் மகனையும் இப்படித்தானே வளர்த்திருப்பார்?

மகள்மாரின் முன்னால் உள்ள தடை

பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் முந்தியிருப்பதால் அவர்களுக்கு வழி முழுவதும் திறந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. சாதாரண தரம் முடிந்ததும் வரும் கல்யாணப் பேச்சு இன்னும் பல வீடுகளில் படிப்பை நிறுத்துகிறது. உம்மா வெளிநாடு போன வீட்டில், தம்பி தங்கைகளைப் பார்க்கும் பொறுப்பு மூத்த மகளின் தலையில் விழுகிறது. அவளது வரவு இடாப்பில் முதலில் வாரத்துக்கு ஒரு நாள் குறையும். பிறகு இரண்டு நாள். பிறகு அவள் வருவதேயில்லை.

உயர் தரம் வரை வருகிற மகள்மாரும் பெரும்பாலும் கலைப் பிரிவில்தான் சேர்கிறார்கள். கலைப் பிரிவு குறைந்ததல்ல. நல்ல சட்டத்தரணிகளும் ஆசிரியைகளும் நிருவாகிகளும் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் விருப்பத்தோடு தெரிந்தெடுத்துச் சேர்வது வேறு, வேறு வழியில்லாமல் சேர்வது வேறு. ஊரில் இருப்பது 1சி பாடசாலை. விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை பல மைல் தூரத்தில். பின்னேர ரியூசன் முடிந்து மகள் தனியாக பஸ்ஸில் வர வேண்டும். வாப்பா சம்மதிப்பதில்லை. இப்படித்தான் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த பிள்ளை உயிரியலையும் இணைந்த கணிதத்தையும் தொடாமலே போகிறாள். நாடளாவிய ரீதியில் பெரும்பாலான பீடங்களில் பெண்கள் முந்தியிருந்தும், பொறியியலில் ஆண்களே பெரும்பான்மையாக இருப்பதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு.

இதற்கு ஊர் ஒன்றுகூடித் தீர்வு காணலாம். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேனில் போய் வர ஏற்பாடு செய்யலாம். விடுதியுள்ள பாடசாலையை விசாரிக்கலாம். நகரத்தில் நம்பகமான உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்க வைக்கலாம். 2013 இல் ஆரம்பிக்கப்பட்ட தொழினுட்பப் பிரிவு அருகிலுள்ள பாடசாலையில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

மாவட்டம் என்ற கணக்கு

பல்கலைக்கழக அனுமதியில் பாடசாலை இருக்கிற இடம் முக்கியமானது. 1970களின் தரப்படுத்தலில் தொடங்கிப் பல மாற்றங்களைக் கண்ட இந்த முறை, இப்போது பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு இப்படி இருக்கிறது: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நமது மக்கள் கூடி வாழ்கிற அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார் ஆகிய மாவட்டங்கள் அந்தப் 16 இல் அடங்கும். அநுராதபுரமும் பொலன்னறுவையும் அவற்றில் சேர்ந்தவையே.

பிள்ளை எந்த மாவட்டத்துக்கு உரியவர் என்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எங்கே படித்தார் என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. பெரிய பாடசாலை மோகத்தில் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புகிற பெற்றோர் இதை மறந்து விடுகிறார்கள். அம்பாறையில் இருந்தே எழுதியிருந்தால் மருத்துவ பீடத்துக்குப் போதுமாயிருந்த புள்ளி, கொழும்பில் போதாமற் போகலாம். தகைமை பெறுபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிற நாட்டில், இந்தக் கணக்கைத் தெரியாமல் முடிவெடுப்பது பெரும் நட்டம்.

பாடசாலையில் கேட்க வேண்டிய கேள்விகள்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிற தாய்மார் கட்டிட நிதியைப் பற்றியும் விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் மட்டும் கேட்டுவிட்டு வராமல், அதிபரிடம் மரியாதையாகப் பின்வருவனவற்றையும் கேளுங்கள். குறை காணும் நோக்கம் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் பாடசாலைத் தொகை மதிப்புக்காக இத்தகைய விபரங்களை அதிபர் எழுதியே கொடுக்கிறார்.

1. இந்த வருடம் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் 6ஆம் தரத்தில் சேர்ந்தபோது எத்தனை பேர்? குறைந்தவர்களில் விடுகைப் பத்திரம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர், சொல்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர்?

2. ஆண், பெண் பெறுபேறுகளைத் தனித் தனியே பார்த்தால் எப்படி இருக்கிறது?

3. கணிதத்தில் எத்தனை பேர் தவறினார்கள்? கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறதா? வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்கப்பட்டதா? பெற்றோர் சார்பில் கடிதம் கொடுக்கலாமா?

4. தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றும்படி அனுப்பப்பட்டவர்கள் உண்டா? என்ன காரணம்?

5. தொடர்ந்து இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போய் விசாரிக்கிறார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், அந்த வேலையைத் தாய்மாரே பொறுப்பேற்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் பாடசாலைக்குப் போவதில்லை என்பது எந்தப் பணிமனைக்கும் முன்னதாகப் பக்கத்து வீட்டு உம்மாவுக்குத்தான் தெரியும். சப்பாத்து இல்லாமல் நிற்கிற பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் வருவான். கணிதம் விளங்காமல் வெட்கப்பட்டு நிற்கிற பிள்ளைக்கு, ஊரில் உயர் தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு ராத்தா மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும். காரணம் தெரிந்தால் பாதித் தீர்வு கையில் இருக்கிறது.

இந்தக் கவனம் 11ஆம் தரத்தில் தொடங்கினால் தாமதமாகிவிடும். பெரும்பாலான பையன்களின் மனம் விலகுவது 8ஆம், 9ஆம் தரங்களில்தான். அந்த வயதில் தவணைப் புள்ளி அறிக்கையைக் கையெழுத்துக்காக மட்டும் பார்க்காமல், எத்தனை நாள் வரவில்லை என்ற நிரலையும் பாருங்கள். புள்ளி குறைவதற்கு முன் வரவு குறையும்.

ஒரு முறை தவறிய பிள்ளையையும் கைவிட வேண்டாம். சாதாரண தரத் தகைமையை இரண்டு தடவையில் நிறைவு செய்யலாம். கணிதத்தில் மட்டும் தவறியவர் அதை மீண்டும் எழுதலாம். படிப்பில் நாட்டமில்லாத பையனுக்கும் கடை வேலை ஒன்றுதான் வழி என்றில்லை. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு அருகிலுள்ள பாடசாலையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னிணைப்பு, குளிரூட்டி திருத்தல், மோட்டார் திருத்தல் போன்றவற்றைப் பழகித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். வளைகுடாவுக்குப் போவதானாலும், கையில் சான்றிதழோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்த முறை பாடசாலை வாசலில் பதாகை ஏறும்போது, அதில் உள்ள பிள்ளைகளுக்காக மனமார மகிழ்வோம். பின்னர் உள்ளே சென்று 6ஆம் தரத்துப் பழைய வரவு இடாப்பைக் கேட்போம். அதில் இருந்து இதில் இல்லாத பெயர்களை ஒவ்வொன்றாக விசாரிப்போம். அவற்றில் ஒரு பெயர் நமது தெருவிலேயே இருக்கலாம். அந்த வீட்டுக்குப் போவதற்கு எவருடைய அனுமதியும் நமக்குத் தேவையில்லை.